குன்னூருக்குப் புதுசு: சந்தையில எப்ப என்ன வாங்கணும், எப்படிச் சமைக்கணும்?

புதுக்குடித்தனம் (குன்னூர்)

வணக்கம். வீட்டுக்காரருக்கு மாற்றல் வந்து ஜூன் மாசம் திருச்சியில இருந்து குன்னூருக்குக் குடிவந்தோம். திருச்சியில காந்தி மார்க்கெட்டுக்குப் போனா எந்தக் காய் எப்ப மலியும்னு மனசுலயே ஓடும். இங்க அந்தக் கணக்கு எதுவும் செல்லுபடியாகல. கத்திரிக்காயும் முருங்கைக்காயும் யானை விலை, அதுவும் வாடிக் கிடக்கு. கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் மட்டும் எந்தக் கடையிலயும் குவிஞ்சிருக்கு. தினமும் கேரட் பொரியல் வச்சா பசங்க தட்டைத் தள்ளி வைக்கிறாங்க.

உழவர் சந்தைக்குப் போறது நல்லதா, மார்க்கெட் கடைகளா? எத்தனை மணிக்குப் போகணும்? இந்த ஜூலை மழையில இங்க விளையறது எது, கீழ இருந்து ஏறி வர்றது எது? கூடவே இன்னொண்ணு. துவரம்பருப்பு வேகவே மாட்டேங்குது. தண்ணி கோளாறா, பருப்பு கோளாறா?

சேரிங்கிராஸ் (ஊட்டி)

பருப்பை முதல்ல முடிச்சிடறேன் அம்மா. ரெண்டும் கோளாறு இல்ல, உயரம்தான் காரணம். குன்னூர் சுமார் 1,850 மீட்டர். அங்க தண்ணி ஏறக்குறைய 94 டிகிரியிலயே கொதிச்சிடும். ஊட்டி 2,240 மீட்டர், இங்க 93-க்குக் கீழ. தண்ணி தளதளன்னு கொதிக்கும், ஆனா சூடு பத்தாது. குக்கருக்குள்ளயும் இதே கதைதான், ஏன்னா வெளிக்காத்தோட அழுத்தம் குறைஞ்சா உள்ள இருக்கற அழுத்தமும் அந்த அளவுக்குக் குறையும். பருப்பை அரை மணி வெந்நீர்ல ஊறப்போட்டு, திருச்சியில வச்சதைவிட ரெண்டு விசில் கூட வைங்க. உப்பும் புளியும் வெந்த பிறகு சேருங்க.

சந்தை விஷயம். உழவர் சந்தைத் திட்டம் 1999 நவம்பர் 14-ல மதுரையில ஆரம்பிச்சது. நீலகிரியில ஊட்டி, குன்னூர், கோத்தகிரியில எல்லாம் இருக்கு. அடையாள அட்டை வச்சிருக்கற விவசாயி இடைத்தரகர் இல்லாம நேரா விக்கலாம், கடைக்கு வாடகை கிடையாது. விலையை அன்னன்னிக்கு அதிகாரிங்க குறிச்சுப் பலகையில எழுதுவாங்க. மொத்த விலையைவிட சுமார் 20 சதவீதம் கூடுதலா, வெளிச் சில்லறை விலையைவிட 15 சதவீதம் குறைவா இருக்கணும்கிறது கணக்கு. அதனால அங்க பேரம் பேசற வேலையே இல்ல. பலகையைப் படிச்சிட்டு உள்ள போங்க. காலையில சீக்கிரம் போயிடணும், 10 மணிக்கு மேல போனா மிச்சம் மீதிதான். துணிப்பை மறக்காதீங்க, நீலகிரியில பிளாஸ்டிக் பைக்குத் தடை.

பாலாடா விவசாயி (கேத்தி பாலாடா)

சார் சட்டம் சொல்லிட்டாரு, நான் காடு சொல்றேன்.

உக்காந்திருக்கறவரு விவசாயியா வியாபாரியானு தெரியணும்னா அட்டையைத் தேட வேண்டாங்க. அவரு முன்னாடி எத்தனை வகை காய் இருக்குனு பாருங்க. ஒரே ஆள்கிட்ட கேரட், வெண்டை, தக்காளி, மாங்காய் நாலும் இருந்துச்சுன்னா, அப்படி ஒரு தோட்டம் இந்த மலையில எங்கயும் கிடையாது. எங்ககிட்ட ரெண்டு மூணு அயிட்டம்தான் இருக்கும். கேரட் போட்டவன் ஓரத்துல கொஞ்சம் பீட்ரூட்டும் முள்ளங்கியும் போட்டிருப்பான், வரப்புல மேரக்காய்க் கொடி விட்டிருப்பான். அவ்வளவுதான்.

இங்க மூணு போகம். ஏப்ரல்-மே மழைக்கு விதைக்கிறது கார்போகம். ஆகஸ்ட்-செப்டம்பர்ல போடறது கடைபோகம். ஜனவரிக்கு மேல தண்ணி பாய்ச்சிப் போடறது நீர்போகம். இப்ப நீங்க பாக்கறது கார்போகத்துக் காய், உருளை இனிமேதான் நல்லா வெட்டுக்கு வரும். தக்காளி, கத்திரி, வெண்டை, முருங்கை, சின்ன வெங்காயம் எல்லாம் மேட்டுப்பாளையம் வழியா ஏறி வர்றது. மழையில ரோட்டுல மரம் விழுந்தா அன்னிக்கு அதோட விலை நீங்களே பாத்துக்கங்க.

இன்னொண்ணு. எங்க காய்ல முதல் தரம் சந்தைக்கு வராது. ராத்திரியோட ராத்திரியா பிடுங்கி, மிஷின்ல கழுவி, மூட்டை போட்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஏத்திருவோம். மண்டியில நீளமா, நேரா, ஒரே அளவா இருந்தாத்தான் விலை. ரெண்டு காலு விட்டது, வெடிச்சது, குட்டை எல்லாம் ஒதுக்கிருவாங்க. கல்லுல முட்டினா கேரட் பிரிஞ்சுதான் இறங்கும், அதுக்கும் ருசிக்கும் சம்பந்தம் இல்ல. அந்த ஒதுக்கினதுதான் உங்க சந்தைக்கு வருது. நோகாம வாங்குங்க.

வாங்கும்போது மண்ணோட இருக்கறதைக் கேட்டு வாங்குங்க. மிஷின்ல கழுவினது பளபளன்னு இருக்கும், ஆனா மேல்தோல் உரசிப் போயிருக்கும், நாலஞ்சு நாள்ல வழவழத்துரும். மண்ணோட இருக்கறதைத் தழையை மட்டும் நறுக்கிட்டு, கழுவாம, காத்தாட வச்சா குன்னூர் குளிருக்கு ரெண்டு வாரம் தாங்கும். தழையை விட்டு வச்சா அது கிழங்குல இருக்கற தண்ணியை உறிஞ்சிரும். தோள்பட்டை பச்சையா இருந்தா வெயில் பட்டதுனு அர்த்தம், அந்த இடம் மட்டும் கசக்கும், சீவிருங்க.

டப்பா டீச்சர் (வெலிங்டன்)

எல்லாம் சரி. ஆனா காலையில 7.40-க்கு பஸ் பிடிக்கிறவளுக்கு இந்த உபதேசம் உதவாது. மூணு டப்பா கட்டணும். ஞாயிற்றுக்கிழமை உக்காந்து திங்கள் முதல் வெள்ளி வரைக்கும் எழுதிட்டுத்தான் கடைக்குப் போறேன். சந்தைக்குப் போய் "இன்னிக்கு என்ன வந்திருக்கு"ன்னு பாத்து யோசிக்க நேரம் இருக்கறவங்க பாக்கியவான்கள். சூப்பர் மார்க்கெட்ல எல்லாம் ஒரே இடத்துல இருக்கு, தக்காளி உட்பட. கொஞ்சம் காசு கூடப் போனாலும் எனக்கு மிச்சம் நேரம்.

ஹட்டி சமையல் (கோத்தகிரி பக்கம்)

டீச்சர், எழுதறதை நிறுத்தச் சொல்லல. எழுதற விதத்தை மாத்திப் பாருங்க. நானும் வேலைக்குப் போறவதான். என் காகிதத்துல "கேரட், பீன்ஸ், கோஸ்" இருக்காது. "ஒரு கிழங்கு, ஒரு அவரை வகை, இலையோட ஏதாவது ஒண்ணு, குழம்புக்கு ஒரு நீர்க்காய்" - இவ்வளவுதான். அந்த இடத்துல என்ன வந்து உக்காரணும்னு சந்தை முடிவு பண்ணட்டும். கிழங்கு இருக்கற இடத்துல ஒரு வாரம் உருளை, ஒரு வாரம் டர்னிப். நீர்க்காய்க்கு மேரக்காய் இல்லைன்னா நூக்கல். செய்முறை மாறாது, காய்தான் மாறும்.

"இலையோட"ன்னு சொன்னேனே, அதுக்குக் காரணம் இருக்கு. மண்டிக்குப் போற பீட்ரூட்டுக்கும் முள்ளங்கிக்கும் தழையை வெட்டிருவாங்க. சந்தையில காலையில பிடுங்கினது தழையோடவே வரும். இலை நிமிர்ந்து நின்னா இன்னிக்குப் பிடுங்கினது, தொங்கினா நேத்தோடது. வேற சோதனையே வேண்டாம். பீட்ரூட் கீரையைத் தண்டோட பொடியா நறுக்கி, பூண்டு தட்டிப் போட்டு வதக்கினா ஒரு பொரியல் ஆச்சு, கிழங்கு மறுநாளுக்கு. ஒரு கட்டுல ரெண்டு டப்பா.

புதுக்குடித்தனம் அக்கா, பசங்க கேரட்டைத் தள்ளினா அவரை உதக்க வச்சுப் பாருங்க. எங்க படுகர் வீட்டுக் குழம்பு. எங்க வீட்டு முறை இது, ஒவ்வொரு ஹட்டியிலயும் (படுகர் ஊரை அப்படித்தான் சொல்வோம்) கொஞ்சம் மாறும். உரிச்ச பச்சை அவரைக்கொட்டை ரெண்டு கப், குக்கர்ல உப்பு போடாம நாலு விசில். உருளை மூணு, பெரிய துண்டா. மல்லி, வரமிளகாய், சீரகம், கொஞ்சம் மிளகு வறுத்துப் பொடிச்சது ரெண்டு ஸ்பூன். வெங்காயமும் பூண்டும் எண்ணெயில நல்லா சிவந்த பிறகு பொடியைப் போட்டு ஒரே பிரட்டு பிரட்டி, உடனே அவரை வெந்த தண்ணியை ஊத்துங்க. பொடி கருகினா குழம்பே போச்சு. உருளை வெந்ததும் ரெண்டு துண்டைக் கரண்டியால மசிச்சு விட்டா தானா கெட்டியாகும். தேங்காய் வேண்டாம், புளியும் வேண்டாம். ராகி ஹிட்டுக்கு, அதாவது ராகிக் களிக்கு, அப்படிப் பொருந்தும், உங்க வீட்டுல சோறுக்கும் போகும்.

டப்பா டீச்சர்

அவரைக்கொட்டை உரிக்க யார் வருவா?

ஹட்டி சமையல்

டிவி பாக்கறவங்க எல்லாரும்!

எஸ்டேட் பேத்தி (கூடலூர்)

எங்க தாத்தா பாட்டி 1964-ல இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கை நுவரெலியாவுல இருந்து இங்க வந்தவங்க. அதனால சந்தைக்குப் போனா என் கண்ணு முதல்ல லீக்ஸைத் தேடும், வெங்காயத்தாள் மாதிரி தடிச்ச தண்டு. இங்க அதை ப்ரோக்கோலி, செலரியோட சேர்த்து "சைனீஸ் காய்"னு சொல்லி ஓட்டல்களுக்கு அனுப்பிடறாங்க, ஊர்க்காரங்க யாரும் சீந்தறதில்ல. எங்க வீட்டுல அது தினசரிக் கறி.

லீக்ஸ்ல ஒரு வேலை மட்டும் இருக்கு. வெள்ளையா இருக்கணும்னு தண்டைச் சுத்தி மண்ணு அணைச்சு வளர்க்கறதால, மடலுக்கு மடல் மண்ணு ஏறியிருக்கும். மேல கழுவினா போகாது. வேர்ப்பக்கம் நாலு விரல் விட்டுட்டு நீளவாக்குல கீறி, விரிச்சு, ஓடற தண்ணியில காட்டணும். அப்புறம் பச்சைப் பகுதியோடவே பொடியா அரிஞ்சு, பச்சமிளகாய், மஞ்சள், உப்பு, மாசித்தூள் (காய்ஞ்ச சூரை மீன் தூள்) இருந்தா ஒரு சிட்டிகை போட்டு, மூடாம வதக்கி, கடைசியில கெட்டித் தேங்காய்ப்பால் கால் கப். சோத்துக்கும் ரொட்டிக்கும் ஆகும். உருளையைச் சின்னதா வெட்டிக் கூடப் போடறதும் உண்டு.

கீழ்மலைக்காரன் (தாண்டிக்குடி)

நீலகிரிக்காரங்களே பேசிட்டிருக்கீங்க, பழனி மலைப் பக்கமும் கொஞ்சம் வாங்க. கொடைக்கானல்ல ஞாயித்துக்கிழமை சந்தை இருக்கு, சுத்து ஊர்க்காரங்க எல்லாம் வருவாங்க. பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கத்து மலைப்பூண்டு வாங்காம வராதீங்க. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சது. பல்லு சின்னது, உரிக்கச் சலிப்பா இருக்கும், ஆனா காரமும் மணமும் தனி. சாதாரணப் பூண்டு பத்துப் பல் போடற இடத்துல இது ஆறு போதும். வெள்ளைப் பல்லாப் பாத்து எடுக்காதீங்க, தாளோட கட்டி நிழல்ல காயப்போட்டதைக் கேளுங்க, அடுத்த சீசன் வரைக்கும் அடுப்படியில தொங்கவிடலாம்.

கீழ்மலைன்னா காபிக்கு நடுவுல வாழை, மிளகு, சவ்சவ் பந்தல், வெண்ணெய்ப்பழம் (அவகாடோ). எங்க விருப்பாச்சி வாழைக்கு 2008-லயே புவிசார் குறியீடு. பழனி பஞ்சாமிர்தத்துக்கு அந்தப் பழம்தான் உயிர், தண்ணிச்சத்து குறைவுங்கறதால சீக்கிரம் கெடாது. முன்னாடி மலை முழுக்க இருந்துச்சு, முடிக்கொத்து நோய் வந்து பெரும்பகுதியை அழிச்சிருச்சு. இப்ப கிடைக்கிறது கொஞ்சம்தான். வாங்கறவங்க செய்யற ஒரு காரியம் பாத்தா எனக்கு வயிறு எரியும். தோல் கறுத்துச் சுருங்கினா அழுகிப்போச்சுனு குப்பையில போடறாங்க. அப்பத்தான் அது பழமே. பளிச்சுனு மஞ்சளா இருக்கும்போது தின்னா துவர்க்கும்.

வெண்ணெய்ப்பழத்துக்கு நேர் எதிர்க் கணக்கு. அது மரத்துல பழுக்காது, பறிச்ச பிறகுதான் பழுக்கும். கல்லு மாதிரி இருக்கறதைத் தைரியமா வாங்கி அரிசிப் பானையில போட்டு வைங்க. காம்புப் பக்கம் அமுக்கினா லேசா அமுங்கணும், அப்ப வெட்டுங்க. பாலும் சர்க்கரையும் போட்டு அடிக்கிறதை விட்டுட்டு, சின்ன வெங்காயம், பச்சமிளகாய், எலுமிச்சை, உப்பு போட்டு மசிச்சுச் சப்பாத்திக்கு வச்சுப் பாருங்க.

புதுக்குடித்தனம்

எல்லாருக்கும் நன்றி. சவ்சவ்வும் மேரக்காயும் ஒண்ணுதானே? சனிக்கிழமை சந்தைக்குப் போனேன். இலை நிமிர்ந்த பீட்ரூட், மண்ணோட கேரட், மேரக்காய், ஒரு பாட்டிகிட்ட பிளம்ஸ். பிளம்ஸ் பாக்க நல்லா சிவந்திருந்தது, வாயில வச்சா ஒரே புளிப்பு. பசங்க தொடல. மேரக்காய் சீவினதும் கையெல்லாம் பசை மாதிரி ஒட்டி, காய்ஞ்சு தோல் உரியற மாதிரி ஆயிடுச்சு. எனக்கு ஒத்துக்கலையா?

ஹட்டி சமையல்

ரெண்டும் ஒண்ணுதான் அக்கா. அந்தப் பசை எல்லாருக்கும் வரும், பயப்படாதீங்க. காயை ரெண்டா வெட்டி, வெட்டின பக்கங்களை ஒண்ணோட ஒண்ணு தேய்ச்சா நுரையா பால் வெளிய வரும். கழுவிட்டுத் தண்ணிக்குள்ள வச்சே தோல் சீவுங்க. இல்லைன்னா கையில எண்ணெய் தடவிக்கங்க. தோலை எறிஞ்சிடாதீங்க, உளுந்து, வரமிளகாயோட வதக்கித் துவையல் அரைக்கலாம். நடுவுல இருக்கற விதையும் இளசா இருந்தா கூட்டுலயே போடலாம், பருப்பு மாதிரி ருசியா இருக்கும்.

புளிக்கிற பிளம்ஸை ரசம் வைங்க. தக்காளி யானை விலைனு சொன்னீங்களே, இதுல தக்காளியும் வேண்டாம், புளியும் வேண்டாம். ஏழெட்டுப் பழத்தை ரெண்டு டம்ளர் தண்ணியில தோல் வெடிக்கற வரைக்கும் வேகவிட்டு, ஆறினதும் கையால பிசைஞ்சு கொட்டையை எடுத்திருங்க. தோல் இருக்கட்டும், நிறமும் புளிப்பும் அதுலதான். மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு, பருப்புத் தண்ணி ஒரு கரண்டி, நகக்கண்ணளவு வெல்லம். நுரை கட்டினதும் இறக்கிருங்க, கொதிக்க விட்டா துவர்ப்பு ஏறும்.

சேரிங்கிராஸ்

ஒரு எச்சரிக்கை, சமையலுக்கு அப்பாற்பட்டது. முளை விட்ட ஊட்டி உருளையைத் திருச்சி, பெங்களூர் சொந்தக்காரங்களுக்குத் "தோட்டத்துல நட்டுப் பாரு"ன்னு கொடுத்தனுப்பாதீங்க. 1961-ல ஊட்டியில, உருளை வேரைத் தாக்கற முட்டைக்கூட்டு நூற்புழுவைக் கண்டுபிடிச்சாங்க. அதனால நீலகிரி, கொடைக்கானல் உருளையை விதைக்காக வெளிய கொண்டுபோகத் தடை இருக்கு. சாப்பிடறவங்களுக்கு அந்தப் புழுவால ஒரு கெடுதலும் இல்ல, மண்ணோட போய் அடுத்த ஊர் நிலத்துல தங்கிடும்கிறதுதான் கவலை. சமைக்கிறதுக்கு எடுத்துட்டுப் போங்க, மண்ணை இங்கயே கழுவிட்டு.

பாலாடா விவசாயி

நூத்துக்கு நூறு சரிங்க சார். உருளையில பச்சை ஏறினதையும் முளைச்சதையும் சமையலுக்கே வேண்டாம்.

மழை பத்தி ஒண்ணு விட்டுப்போச்சு. ஆடி மழை ஊட்டிப் பக்கம் வலுத்தா கோஸ் அழுகும், பீன்ஸ்ல துரு விழும், உருளைச் செடி கருகும். காட்டுல கால் வைக்க முடியாது, பிடுங்க ஆள் வரமாட்டாங்க. அந்த வாரம் விலை ஏறினா விவசாயி கொழுத்துட்டான்னு நினைக்காதீங்க, வித்தவன் பத்துக்கு ரெண்டு பேரா இருப்பான். அந்த மாதிரி வாரத்துல கோத்தகிரிச் சரக்கைப் பாருங்க. கோத்தகிரிக்கு இந்த மழை அவ்வளவா விழாது, அவங்களுக்கு ஐப்பசி கார்த்திகையிலதான் கொட்டும். கூக்கல்தொரை, நெடுகுளாப் பக்கத்துக் காய் குன்னூருக்கும் வரும். அப்புறம் கேரட்டைப் பசங்க தள்ளினா இப்ப விட்டுருங்க. மார்கழி தையில உறைபனி விழற சமயத்துல வாங்கிக் கொடுங்க. குளிருக்கு மாவுச்சத்து சர்க்கரையா மாறும், பச்சையாவே கடிச்சுத் தின்னுவாங்க. அந்தச் சமயத்துல நாங்க விடியறதுக்கு முந்தி எந்திரிச்சு, வெயில் படறதுக்குள்ள செடி மேல தண்ணி தெளிச்சுப் பனியைக் கரைச்சிட்டிருப்போம்.

டப்பா டீச்சர்

நாலு வரிக் காகிதம் எழுதிட்டுச் சனிக்கிழமை போய்ப் பாத்தேன். மறுக்கல, காய் புதுசா இருந்தது, டர்னிப் சாம்பார் வீட்டுல யாருக்கும் வித்தியாசமே தெரியல. தக்காளிக்கு மட்டும் நான் சூப்பர் மார்க்கெட்டுக்குத்தான் போவேன், இதுல விவாதம் வேண்டாம். அவரை உதக்கவுக்குக் கொட்டை உரிச்சது என் மாமனார். இப்ப ஒரு கேள்வி: பிளம்ஸ் இன்னும் எவ்வளவு நாள் வரும்?

கீழ்மலைக்காரன்

பிளம்ஸ் முடியற கட்டம் டீச்சர். அடுத்து பேரிக்காய். நாட்டுப் பேரி நறநறன்னு கல்லாட்டம் இருக்கும், அதுக்காக ஒதுக்காதீங்க. மாங்காய்த் தொக்கு போடற மாதிரியே போடலாம். துருவினதும் கறுக்கும், அதனால உப்பும் எலுமிச்சைச் சாறும் கலந்த பாத்திரத்துலயே நேரா துருவி விடுங்க. நல்லெண்ணெயில கடுகு, பெருங்காயம், மிளகாய்த்தூள், வறுத்துப் பொடிச்ச வெந்தயம். தண்ணி சுண்டி எண்ணெய் பிரியற வரைக்கும் கிளறுங்க. மாங்காய் அளவுக்குப் புளிப்பு இருக்காது, அதனால எலுமிச்சையைக் கடைசியில இன்னொரு மூடி சேத்துக்கங்க. ஃப்ரிட்ஜில ரெண்டு வாரம் தாங்கும், தயிர்சாத டப்பாவுக்கு ஆச்சு.

புதுக்குடித்தனம்

பிளம்ஸ் ரசம் வச்சேன். சின்னவன் ரெண்டாவது தடவை ஊத்திக்கிட்டான், பெரியவன் இது ரசமே இல்லைங்கறான். பேரிக்காய் வந்ததும் தொக்கு போடறேன். பாலாடா அண்ணா, நீங்க குன்னூர் சந்தைக்கு வர்றது உண்டா?

பாலாடா விவசாயி

எப்பவாச்சும் வருவேங்க, மண்டியில விலை படுத்தா. ரெண்டு காலு கேரட்டோட உக்காந்திருப்பேன்.